பெஞ்சில் உட்கார்ந்த பையன்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்னவர் யாராக இருந்தாலும், உழுது பிழைத்தவராக இருந்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம். உழுகிறவனைக் கேட்டுப் பாருங்கள். முளையில் தெரிவது முளைதான், மற்றதெல்லாம் தண்ணீரையும் வெயிலையும் அடுத்த வீட்டு மாட்டையும் பொறுத்தது என்பான்.

இருந்தாலும் அந்தப் பழமொழிக்கு ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. ஒரு பையன் நன்றாகப் பாடினால், கணக்குப் போட்டால், அல்லது பந்து எறிந்தால், இன்னும் பத்து வருஷத்தில் அவன் என்னவாக இருப்பான் என்பது நம் கண்முன் வந்து நின்றுவிடுகிறது. நடுவில் இருக்கும் பத்து வருஷம் மட்டும் கண்ணில் படுவதில்லை. அந்தப் பத்து வருஷம் அவனை யார் போஷிப்பது, அவன் உட்காருவதற்காக யார் எழுந்திருப்பது, அவன் செய்யும் பிழைகளுக்கு யார் பதில் சொல்வது என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

அமெரிக்கர்கள் இந்தப் பழமொழியை நம்பி லட்சக்கணக்கான டாலரைக் கொட்டியிருக்கிறார்கள். பேஸ்பால் என்பது அவர்களுடைய தேசிய விளையாட்டு. பெரிய கோஷ்டி ஒவ்வொன்றுக்கும் ஊர் ஊராகத் திரிந்து பள்ளிக்கூடப் பையன்களைப் பார்த்துவரும் ஆட்கள் உண்டு. பெண் பார்க்கப் போகிறவர்களை விடக் கண்டிப்பானவர்கள். தோளைப் பார்ப்பார்கள், மணிக்கட்டைப் பார்ப்பார்கள், நடையைப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் ஒரு பையன் தேறினான் என்றால், அவன் வீட்டு வாசலில் நாலைந்து கோஷ்டிகளின் ஆட்கள் பணப் பையோடு நிற்பார்கள். அப்படி வாங்கப்பட்ட ஒரு பையனுக்காக ஆறு வருஷம் காத்திருந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கிரிக்கெட்டில் பௌலர் ஓடி வந்து பந்தைத் தரையில் குத்தி எறிகிறார். பேஸ்பாலில் ஓட்டம் கிடையாது. பிட்சர் ஒரு சிறு மேட்டில் நின்றுகொண்டு, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் மட்டையோடு நிற்பவனை நோக்கிப் பந்தைத் தரையில் படாமல் விடுகிறார். 17 அங்குல அகலமுள்ள ஒரு தட்டுக்கு மேலே, மட்டைக்காரனின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையில் அது போக வேண்டும். அப்படிப் போனதையோ, வீசித் தவறவிட்டதையோ மூன்று தடவை எண்ணினால் மட்டைக்காரன் வெளியே போகிறான். இதற்கு ஸ்ட்ரைக்-அவுட் என்று பெயர். எல்லைக்கு வெளியே நாலு பந்து போய்விட்டாலோ, மட்டைக்காரன் ஒரு சிரமமும் படாமல் முதல் பேஸுக்கு நடந்து போகலாம். கிரிக்கெட்டில் வைடு போட்டால் ஓர் ஓட்டத்தோடு போயிற்று. இங்கே நாலு தப்புக்கு எதிராளியை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்த மாதிரி ஆகிவிடும். ஆகையால் பிட்சருக்கு இரண்டு சம்பத்து வேண்டும். ஒன்று வேகம். அது பிறவியில் வருகிறது. மற்றொன்று குறி. அது எப்போது வரும், வருமா வராதா என்று யாராலும் சொல்ல முடியாது.

நம்முடைய பையனுக்கு வேகம் இருந்தது. பெயர் ஸாண்டி கோஃபாக்ஸ். 1935 டிசம்பர் 30-ந் தேதி நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவன். அவனுக்கு உண்மையில் ஆசை கூடைப்பந்தின் மேல். ஸின்ஸினாட்டி சர்வகலாசாலைக்குப் போனதும் கூடைப்பந்து ஆடத்தான். அங்கே பேஸ்பாலிலும் சேர்ந்து, இடது கையால் பந்து எறிந்து, ஒரே வசந்த காலத்தில் பேராகிவிட்டான். பிட்ஸ்பர்க் கோஷ்டி அவனைச் சோதனைக்கு அழைத்தபோது, அவன் எறிந்த பந்து அதைப் பிடித்த பயிற்சியாளரின் கட்டைவிரலை முறித்துவிட்டது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் கோஷ்டியின் ஆல் காம்பனிஸ் என்பவரோ, தம் வாழ்நாளில் இரண்டே தடவைதான் தமக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒன்று, ஸிஸ்டைன் கோயிலின் மேல்தளத்தில் மைக்கலாஞ்சலோவின் சித்திரங்களைக் கண்டபோது. மற்றொன்று, இந்தப் பையனின் பந்தைக் கண்டபோது.

1954 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அவனை எடுத்துக்கொண்டது. கையெழுத்துக்காக 14,000 டாலர், வருஷச் சம்பளம் 6,000 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் அந்தக் கையெழுத்தின் விலை நம் பணத்தில் 66,000 ரூபாய்க்கு மேல். பையனுக்கு இன்னும் 19 வயது நிறையவில்லை.

இங்கேதான் ஒரு விதி குறுக்கே வந்தது. பணக்காரக் கோஷ்டிகள் நல்ல பையன்களையெல்லாம் வாரிக்கொண்டு போய்ச் சிறு ஊர்க் கோஷ்டிகளில் பத்திரப்படுத்தி வைத்துவிடுகின்றன என்ற புகார் வெகு நாளாக இருந்தது. அதைத் தடுக்க அந்தக் காலத்தில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். கையெழுத்துக்கு 4,000 டாலருக்கு மேல் வாங்கும் எந்தப் பையனையும் முதல் இரண்டு வருஷம் பெரிய கோஷ்டியிலேயே வைத்திருக்க வேண்டும். மைனர் லீக் என்று சொல்லப்படும் சிறு கோஷ்டிகளுக்கு அனுப்பிப் பழக்கக் கூடாது. இந்த 4,000 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மறுபடியும் வரும்.

விதி செய்தவர்களின் நோக்கம் நல்ல நோக்கம். கோஷ்டிகள் பையன்களுக்குப் பணத்தைக் கொட்டக் கூடாது என்று நினைத்தார்கள். கோஷ்டிகள் பணத்தையும் கொட்டின, பையன்களைக் கொண்டுபோய்ப் பெஞ்சிலும் உட்காரவைத்தன. பால் பெட்டிட் என்ற பையனுக்காக 1950-ல் பிட்ஸ்பர்க் கோஷ்டி ஒரு லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. கையில் கோளாறு கண்டு, பெரிய லீக்கில் மொத்தம் ஒரே ஒரு பந்தயம் ஜெயித்தான். ஒரு வெற்றிக்கு ஒரு லட்சம்! நம் ஜமீன்தார்கள் சதிர்க் கச்சேரிக்குச் செலவழித்ததை இனிமேல் நான் குறை சொல்லமாட்டேன்.

கோஃபாக்ஸ் வந்ததும் உள்ளே இருந்த ஒருவர் வெளியே போகவேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பெரிய கோஷ்டியில் 25 பேருக்குத்தான் இடம் இருந்தது. 1955 ஜூன் மாதம், கணுக்கால் காயம் ஆறிப் பையன் வந்து சேர்ந்தபோது, டாட்ஜர்ஸ் யாரை அனுப்பிற்று தெரியுமா? டாம்மி லாஸோர்டா என்ற 27 வயது இடதுகைப் பிட்சரை. அவர் பல வருஷம் சிறு கோஷ்டிகளில் உழைத்து மேலே வந்தவர். பையனுக்கு அனுபவமே இல்லை. ஆனால் அவனை அனுப்ப விதி இடம் கொடுக்காது. லாஸோர்டாவை அனுப்பலாம். அனுப்பிவிட்டார்கள். பெரிய லீக்கில் பிட்சராக அவர் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமலே ஓய்ந்தார். அந்தக் காலத்து உலகத்திலேயே தலைசிறந்த இடதுகைக்காரனைக் கொண்டுவந்துதான் தம்மைக் கோஷ்டியிலிருந்து நகர்த்த முடிந்தது என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அப்படி வேடிக்கையாகச் சொல்ல அவருக்கு எத்தனை வருஷம் பிடித்திருக்கும்! 1955 ஜூன் மாதம் அவன் தலைசிறந்தவன் அல்ல. நேராகப் பந்து போடத் தெரியாத உள்ளூர்ப் பையன். (லாஸோர்டாவின் கதை அங்கே முடியவில்லை. அதே டாட்ஜர்ஸுக்கு 1976 முதல் 1996 வரை மானேஜராக இருந்து 1981-லும் 1988-லும் உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.)

பையன் உட்கார்ந்தான். பந்தயத்துக்குப் பந்தயம் உட்கார்ந்தான். 1955 ஆகஸ்டு 27-ந் தேதி போனால் போகிறதென்று ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார்கள். ஸின்ஸினாட்டியை எதிர்த்து 14 பேரை ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கி, இரண்டே இரண்டு ஹிட் கொடுத்து, ஓர் ஓட்டமும் விடாமல் 7-0 என்று ஜெயித்தான். இப்படி ஒன்றைப் பார்த்த பிறகு அவனை ஓயாமல் எறியவிட்டிருப்பார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. அந்த வருஷம் முழுவதும் அவன் எறிந்தது 42 இன்னிங்ஸ்கூட நிறையவில்லை. பேர் பெற்ற பிட்சர்கள் வருஷத்துக்கு 250 இன்னிங்ஸ் எறிந்துகொண்டிருந்த காலம் அது. அந்த அக்டோபரில் டாட்ஜர்ஸ் யாங்கீஸைத் தோற்கடித்து முதல் தடவையாக உலகக் கோப்பையை வென்றது. புரூக்ளின் முழுவதும் தெருவில் கூத்தாடியது. கோஃபாக்ஸ் அந்தத் தொடரில் ஒரு பந்தும் எறியவில்லை. கடைசிப் பந்தயம் முடிந்த கையோடு காரை எடுத்துக்கொண்டு கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனான். அங்கே இரவு வகுப்பில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தான். பேஸ்பால் கைகொடுக்காவிட்டால் வேறு ஒன்று வேண்டுமல்லவா?

1956-ல் 59 இன்னிங்ஸுக்கும் குறைவு. 1957-ல் 104. ஆக மூன்று வருஷத்தில் அவன் எறிந்தது, ஒரு முதல்தரப் பிட்சர் ஒரே வருஷத்தில் எறிந்ததை விடக் குறைவு. பையன் தேறவில்லையே என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். நீச்சல் தெரிந்த பிறகுதான் குளத்தில் இறங்கலாம் என்று பிள்ளையைக் கரையிலேயே நிறுத்திவைத்துவிட்டு, இன்னும் நீந்தக் காணோமே என்று கவலைப்பட்ட கதைதான்.

மானேஜர் வால்டர் ஆல்ஸ்டனை இதற்காகத் திட்டுவது சுலபம். பலர் திட்டியிருக்கிறார்கள். 1957 மே மாதத்தில் விதியின் கெடு முடிந்ததும் அவர் கோஃபாக்ஸுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். பையன் சிகாகோவில் 13 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தான். தொடர்ந்து சில பந்தயம் எறிந்தான், நன்றாகவே எறிந்தான். அப்புறம் 45 நாள் அவனை ஒரு பந்தயத்திலும் தொடங்கவிடவில்லை. கேட்பவர்களுக்கு ஆத்திரம் வரத்தான் வரும்.

ஆனால் ஆல்ஸ்டனுடைய நிலைமையையும் பார்க்கவேண்டும். அவர் 23 வருஷம் டாட்ஜர்ஸ் மானேஜராக இருந்தார். 23 வருஷமும் வருஷா வருஷம் ஒரு வருஷ ஒப்பந்தம்தான் போட்டார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அவருடைய உத்தியோகம் காலாவதியாகும். அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு பையனைக் கொடுத்து, "இவன் ஆறு வருஷத்தில் பெரிய ஆளாவான், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால், அவர் என்ன செய்வார்? இன்றைய பந்தயத்தை ஜெயிக்க இன்றைக்குத் தேறினவன்தான் வேண்டும். பொறுமை நல்ல குணம் என்று சொல்லிக்கொள்கிறோம். அதற்கும் ஆஸ்தி வேண்டியிருக்கிறது. கோஷ்டியின் முதலாளிக்கு ஆறு வருஷம் பொறுக்க வசதி இருந்தது. வருஷக் குத்தகைக்காரர் தென்னங்கன்று வைக்கமாட்டார்.

இதே சமயத்தில் வேறு சில பையன்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட் கோஷ்டி 1953-ல் ஆல் கேலைன் என்ற 18 வயதுப் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கொண்டுவந்தது. 1955-ல், 20 வயதில், அவன் லீகிலேயே முதல் மட்டைக்காரனாகிவிட்டான். காத்திருப்பு என்ற பேச்சே இல்லை. ஐடஹோ மாகாணத்திலிருந்து 1954-ல் வாஷிங்டன் கோஷ்டிக்கு வந்த ஹார்மன் கில்லிப்ரூவுக்கோ, முதல் ஐந்து வருஷத்தில் மொத்தம் 11 ஹோம் ரன்தான். ஆறாவது வருஷத்தில் மட்டும் 42! ஆட்டத்தை விட்டபோது 573. இரண்டு பேரும் ஒரே விதியின் கீழ் வந்தவர்கள். கேலைன் மாதிரி ஒருவன் வந்துவிட்டால் போதும், மற்ற பையன்களின் பாடு திண்டாட்டம். அடுத்த வீட்டுப் பிள்ளை முதல் தடவையிலேயே பாஸாகிவிட்ட தெருவில் குடியிருப்பதைப் போல.

1958-ல் டாட்ஜர்ஸ் கோஷ்டி புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. கோஃபாக்ஸுக்கும் பந்து கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. 11 வெற்றி, 11 தோல்வி. 105 பேரை நடக்கவிட்டான். 1959 ஆகஸ்டு கடைசி நாளில் ஜயண்ட்ஸ் கோஷ்டியில் 18 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்து, பெரிய லீக்கின் அந்நாளைய சாதனையை எட்டிப் பிடித்தான். அந்த அக்டோபரில் உலகத் தொடரின் ஐந்தாவது பந்தயம், 92,706 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அருமையாக எறிந்தான், 1-0 என்று தோற்றான். பின் அடுத்த வருஷம் மறுபடியும் சறுக்கல். 1960-ல் 8 வெற்றி, 13 தோல்வி. ஒரு நாள் தேவலோகம், மறுநாள் தெருப்புழுதி என்ற கணக்கில் இருந்தான். காத்திருப்பவர்களை வதைக்க இதை விட நல்ல வழி கிடையாது. முழு அசடனாக இருந்தால் கைகழுவிவிடலாம். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அற்புதம் செய்கிறவனை என்ன செய்வது?

பையனுக்கும் பொறுமை போய்விட்டது. தன்னை வேறு கோஷ்டிக்கு விற்றுவிடும்படி நிர்வாகி பஸ்ஸி பவாஸியிடம் போய்க் கேட்டான். நேராகப் போடத் தெரியாதவனுக்குப் பந்து கொடுக்க முடியாது என்பது கோஷ்டியின் கட்சி. பந்து கொடுக்காவிட்டால் நேராகப் போடக் கற்றுக்கொள்ள முடியாது என்பது பையனின் கட்சி. இருவர் சொன்னதும் சரிதான்.

1960 சீசன் முடிந்த நாளில், அவன் தன் கையுறைகளையும் ஆணி ஜோடுகளையும் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனான். ஆறு வருஷக் கணக்கு: 36 வெற்றி, 40 தோல்வி. வயது 24. விளையாட்டை விட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். கோஷ்டியின் உடுப்பு அறையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் நோப் கவானோ என்ற ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர். அவர் தொட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துப் பத்திரமாக வைத்துவிட்டார். அடுத்த வருஷம் பையன் வந்து கேட்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆறு வருஷமாகக் காத்திருந்தவர்களில், காசு செலவில்லாமல், உத்தியோகப் பயமில்லாமல், காத்திருந்தவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

வந்தான். இன்னும் ஒரு வருஷம் முழு மூச்சாகப் பார்த்துவிடுவது என்ற தீர்மானத்தோடு வந்தான்.

1961 மார்ச்சு மாதம். சீசனுக்கு முன்பாக ஃப்ளாரிடாவில் பயிற்சிப் பந்தயங்கள் நடக்கும். கணக்கில் சேராதவை. மின்னஸோட்டா கோஷ்டியோடு ஆடுவதற்காக டாட்ஜர்ஸின் இரண்டாந்தர ஆட்டக்காரர்கள் ஆர்லாண்டோவுக்கு விமானத்தில் போனார்கள். வரவேண்டிய வேறொரு பிட்சர் விமானத்தைத் தவறவிட்டுவிட்டார். ஆகையால் கோஃபாக்ஸ் வெகு நேரம் எறியவேண்டியதாயிற்று. பந்து பிடிக்க நின்றவர் நார்ம் ஷெர்ரி. பெரிய பேர் வாங்காத கேச்சர்.

வழக்கம்போல் பையன் தொடக்கத்திலேயே மூன்று பேஸையும் ஆட்களால் நிரப்பிவிட்டான். வழக்கம்போல் அவனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் இன்னும் வேகமாக எறிவான். வேகம் கூடக் கூட உடம்பு விறைக்கும், பிடி இறுகும், பந்து மேலே எகிறும். எகிறினால் மறுபடியும் கோபம். இந்தச் செக்கைத்தான் அவன் ஆறு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். ஷெர்ரி மேட்டுக்குப் போய், கொஞ்சம் தளர்த்திப் போடும்படி சொன்னார். வளைபந்து போடு, மெதுப்பந்து போடு, இவர்கள் அடித்தால் அடிக்கட்டும், இது கணக்கில் இல்லாத பந்தயந்தானே என்றார். இந்தப் புத்திமதி புதிது ஒன்றுமல்ல. ஆறு வருஷத்தில் அவனிடம் இதைச் சொல்லாதவர் கிடையாது. ஆனால் தோற்றாலும் ஒன்றுமில்லை என்ற ஓர் இடத்தில், நாளைக்கு உன்னை உட்காரவைத்துவிடுவார்கள் என்ற பயமில்லாத ஒரு மத்தியானத்தில், அது காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

தளர்த்திப் போட்டான். பந்து முன்போல் வேகமாகவே போயிற்று, நேராகவும் போயிற்று. பேஸ்களில் நின்றவர்கள் நின்றபடி நிற்க, அடுத்து வந்த மூன்று பேரையும் ஸ்ட்ரைக்-அவுட் செய்தான். ஏழு இன்னிங்ஸ் எறிந்தான்; ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை. அதே வசந்தத்தில் கோஷ்டியைச் சேர்ந்த கென்னி மையர்ஸ் என்பவர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். கையை ஓங்கும்போது பையன் தலையை அதிகமாகப் பின்னுக்குச் சாய்த்துக்கொள்கிறான். அந்த ஒரு கணம் குறி அவன் கண்ணுக்கே மறைந்துவிடுகிறது! அதையும் திருத்தினார்கள். அரங்கேற்றத்துக்கு ஆறு வருஷம் கழித்து, தாளம் போடும் கையைப் பார்த்தவர் மாதிரி.

இனிமேல் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை.

1961-ல் கோஃபாக்ஸ் 18 பந்தயம் ஜெயித்தார். 269 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்து, கிறிஸ்டி மாத்யூஸன் 1903-ல் நாட்டிய 267 என்ற நேஷனல் லீக் சாதனையை முறியடித்தார். பிறகு நடந்ததை அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளும் சொல்லும். 1962 முதல் வருஷம் ஒன்றாக, எதிராளிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத பந்தயம் நாலு. 1963-ல் 25 வெற்றி, 5 தோல்வி. 1965-ல் 382 ஸ்ட்ரைக்-அவுட். அந்த வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி சிகாகோவின் 27 பேரும் வந்த வழியே திரும்பினார்கள். ஒருவரும் முதல் பேஸைக்கூடத் தொடவில்லை. ஸை யங் பரிசு மூன்று தடவை. 1961 முதல் 1966 வரை ஆறு வருஷத்துக்கு 129 வெற்றி, 47 தோல்வி. ஆறு வருஷம் காத்திருந்தார்கள். ஆறு வருஷம் அனுபவித்தார்கள். அதற்கு மேல் ஒரு வருஷமும் கிடைக்கவில்லை.

கை போய்விட்டது. இடது முழங்கையில் வாதம் கண்டிருந்தது. ஊசிகள், மாத்திரைகள், காந்தும் களிம்பு, பந்தயம் முடிந்ததும் பனிக்கட்டித் தொட்டி என்று இரண்டு வருஷம் ஓட்டினார். அந்த இரண்டு வருஷமும் தலைக்கு 320 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்திருக்கிறார். 1955-ல் 42 இன்னிங்ஸ் கொடுக்க யோசித்த அதே கோஷ்டிதான், அதே ஆல்ஸ்டன்தான். 1966-ல் 27 வெற்றி பெற்றுவிட்டு, நவம்பர் 18-ந் தேதி, முப்பது வயதில், ஓய்வு பெறுவதாக அறிவித்தார். பிற்காலத்தில் கையே வழங்காமல் போய்விடலாம் என்ற பயம். 1972-ல், 36 வயதில், பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அந்த வயதில் சில பிட்சர்கள் இன்னும் எறிந்துகொண்டிருப்பார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்தி, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று முடித்துவிடுகிறார்கள். வேறு சிலர், விதி மட்டும் குறுக்கே வராதிருந்தால், சிறு கோஷ்டிக்குப் போய் ஆசை தீரப் பந்து எறிந்து, இரண்டு வருஷத்திலேயே தேறியிருப்பான் என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்த 4,000 டாலரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா?

1957-ல் பால்டிமோர் கோஷ்டி ஒரு பையனைக் கையெழுத்து வாங்கியது. கனெக்டிகட் மாகாணத்து நியூ பிரிட்டன் என்ற ஊர். பெயர் ஸ்டீவ் டால்கௌஸ்கி. இவனும் இடது கை. கோஃபாக்ஸை விட வேகம் என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. இவனுக்குக் கையெழுத்துக்காகக் கொடுத்தது சரியாக 4,000 டாலர். விதி இவனைத் தொடவில்லை. ஆகவே சிறு கோஷ்டிக்கு அனுப்பி, வேண்டிய மட்டும் எறியவிட்டார்கள்.

முதல் கோடையில் கிங்ஸ்போர்ட் என்ற ஊரில் 62 இன்னிங்ஸ் எறிந்தான். 121 ஸ்ட்ரைக்-அவுட், 129 பேரை நடக்கவிட்டான். அவனுடைய வேகத்தை அளப்பதற்காக 1958-ல் ராணுவத்தின் கருவி ஒன்றிடம் அழைத்துப் போனார்கள். முதல் நாள்தான் ஒரு பந்தயத்தில் எறிந்திருந்தான். நிற்க மேடும் இல்லை. கருவிக்குள் பந்து புகவே வெகு நேரம் பிடித்தது. மணிக்கு 93 மைல் சொச்சம் என்று காட்டிற்று. பார்த்தவர்கள் ஒருவரும் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. 1960-ல் கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் ஊருக்காக எறிந்தபோது 262 பேர் ஸ்ட்ரைக்-அவுட், 262 பேர் நடை. தராசில் நிறுத்த மாதிரி! பந்து கொடுத்தால் போதும், குறி தானே வந்துவிடும் என்பவர்களுக்கு இந்த 262-ஐக் காட்டவேண்டும்.

1962-ல் எல்மைரா ஊர்க் கோஷ்டியில் அவனுக்கு ஒரு மானேஜர் வாய்த்தார். எர்ல் வீவர் என்று பெயர். பிற்காலத்தில் பால்டிமோரின் பிரசித்தி பெற்ற மானேஜர். இந்தப் பையனிடம் நிறையச் சொன்னால் குழம்பிப்போவான் என்று அவர் கண்டுகொண்டார். இரண்டே வகைப் பந்து போதும் என்றார். முழு வேகம் வேண்டாம், தட்டுக்கு நடுவில் போடு. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு நான் சீட்டியடிப்பேன், அப்போது உன் இஷ்டம் என்று ஏற்பாடு. ஷெர்ரி சொன்னதும் இதுதானே? அந்த வருஷம் 160 இன்னிங்ஸில் 192 ஸ்ட்ரைக்-அவுட், நடை 114 மட்டும். அவனைப் பொறுத்தவரையில் இது தபஸ் பலித்த மாதிரி.

1963 வசந்தத்தில் பெரிய கோஷ்டியோடு பயிற்சிக்கு வந்திருந்தான். இந்தத் தடவை அவனை மேலே எடுத்துக்கொள்வது நிச்சயம் என்றிருந்தது. மார்ச்சு மாதம் யாங்கீஸை எதிர்த்து எறிந்துகொண்டிருக்கும்போது முழங்கையில் என்னவோ ஆயிற்று. பழைய வேகம் திரும்பவே இல்லை. இன்னும் இரண்டு மூன்று வருஷம் சிறு கோஷ்டிகளில் அலைந்துவிட்டு விலகிவிட்டான். அப்புறம் கலிபோர்னியாவின் வயல்களில் கூலிக்குக் காய் பறித்தான். குடி ஏற்கெனவே இருந்தது. இப்போது அதுதான் முழு நேரம். 1994-ல் அவனை, இல்லை, அவரை, ஊருக்கு அழைத்துக்கொண்டு போய், சகோதரி பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள்.

வீவர் பிழை செய்யவில்லை. கோஷ்டி அவசரப்படவுமில்லை, ஆறு வருஷம் இவருக்காகவும் காத்திருந்தது. இருந்தும் 2020 ஏப்ரலில், 80-வது வயதில், கொரோனா நோயால் அவர் இறந்தபோது, பெரிய லீக்கின் பந்தயக் கணக்கில் அவர் பேரில் ஒரு பந்துகூட இல்லை. அதற்குப் பதினேழு வருஷம் முன்பு, 2003 செப்டம்பரில், ஸியாட்டில் கோஷ்டி பால்டிமோருக்கு ஆட வந்திருந்த ஒரு நாளில், சம்பிரதாயத்துக்காகப் போடும் முதல் பந்தை எறிவதற்கு அவரை அழைத்திருந்தார்கள். கோஷ்டியில் பழைய சிநேகிதர்கள் சிலர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எறிந்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பந்தயம் அதற்கப்புறம்தான் ஆரம்பமாயிற்று.